காலை இழந்தும் நன்றி மறவாத உர்வா (ரஹ்)



தொழுகையில் ருகூஉக்குக் குனிந்து இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றும்போது, தொடையின் பின்புறம் இழுபடுவதை உணர்ந்திருப்பீர்கள். இருக்கை எலும்பிலிருந்து புறப்படும் மூன்று நீண்ட தசைகள் அங்கே இறங்கி வருகின்றன. அவற்றுள் இரண்டு முழங்காலின் உட்புறமாகவும், ஒன்று வெளிப்புறமாகவும் சென்று கீழ்க்கால் எலும்புகளைப் பற்றிக்கொள்கின்றன. ருகூஉவில் நீள்பவை இவையே. முழங்காலை மடக்க உதவுபவையும் இவையே. இவற்றின் நாண்களுக்கு நடுவே, முழங்காலின் பின்னால் ஒரு குழி உண்டு. கீழ்க்காலுக்கும் பாதத்திற்கும் குருதி கொண்டு செல்லும் பெருநாடி அக்குழியின் ஆழத்தில் ஓடுகிறது. தொடை வழியே இறங்கும் பெரிய நரம்பும் அவ்விடத்தையொட்டி இரண்டாகக் கிளைக்கிறது. ஓடி நடக்கும் உறுப்பின் உயிர்நிலையை எலும்புக்குப் பின்னே மறைத்து வைத்த இறைவனின் ஞானம்தான் என்னே!

இந்த அருட்கொடையின் அருமையை அறிந்தவர், அதை இழந்தபோதும் நன்றி மறவாதவர் ஒருவரின் வரலாற்றைக் கேளுங்கள்.

அவர்தாம் ஹழ்ரத் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள். சுவர்க்கத்து நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவரான ஸுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்கள் தந்தை. அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் திருமகளார் அஸ்மா (ரலி) அவர்கள் தாய். ஹிஜ்ரி 23-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த உர்வா, தம் சிறிய தாயாராகிய அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் நெருங்கியிருந்து ஏராளமான நபிமொழிகளைக் கற்றார்கள். தமையனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஆட்சியையும் போர்க்களத்தையும் கண்டு, ஹிஜ்ரி 73-இல் மக்காவில் ஷஹீதானார்கள். தம்பியோ கல்வியையே தம் வாழ்வாக்கி, மதீனாவின் ஏழு பெரும் சட்ட மேதைகளுள் ஒருவராக விளங்கினார்கள். இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) போன்றோர் அவர்களின் மாணவர்கள்.

பகலில் திருமறையின் கால் பகுதியைப் பார்த்து ஓதுவதும், இரவில் அதையே தொழுகையில் நின்று ஓதுவதும் அவர்களின் அன்றாட வழக்கம். பேரீச்சை கனியும் பருவம் வந்தால் தம் தோட்டத்துச் சுவரில் வழி திறந்துவிடுவார்கள். மக்கள் தாராளமாக நுழைந்து உண்பார்கள், எடுத்தும் செல்வார்கள்.

கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக்கின் ஆட்சி ஹிஜ்ரி 86-இல் தொடங்கியது. அவரைக் காண உர்வா (ரஹ்) அவர்கள் தம் மகன் முஹம்மதுடன் திமிஷ்குக்குச் சென்றார்கள். அப்போது அறுபதைக் கடந்த வயது. அந்தப் பயணத்தில் அவர்களின் காலில் தசையைத் தின்னும் கொடிய அழுகல் நோய் கண்டது. அது மேலே ஏறத் தொடங்கியது. மருத்துவர்கள் கூடி ஆராய்ந்தனர். உடனே வெட்டாவிட்டால் நோய் தொடையையும் கடந்து இடுப்புவரை பரவும், பின்பு உடல் முழுவதையும் அழிக்கும் என்று தீர்ப்பளித்தனர்.

உர்வா (ரஹ்) அவர்கள் மறுக்கவில்லை. மருத்துவத்தை ஏற்பது தவக்குலுக்கு மாறானதன்று என்பதை அவர்கள் அறிவார்கள். ஆனால், அறிவை மயக்கும் பானத்தைப் பருக மட்டும் இசையவில்லை. தம் இறைவனை அறியாத நிலைக்குத் தம்மை ஆளாக்கிக்கொள்ள அவர்களின் உள்ளம் ஒப்பவில்லை. நோய் கண்ட இடத்திற்கு மேலே, உயிருள்ள பகுதியில் வாள் வைக்கப்பட்டது. எலும்பு அறுபடும்போதும் அவர்களின் நா இறைவனைத் துதித்துக்கொண்டிருந்தது. குருதியை நிறுத்தக் கொதிக்கும் எண்ணெயில் சுட்டபோதுதான் மயங்கினார்கள். தெளிந்தபின் வெட்டுண்ட காலைக் கையிலெடுத்துப் பார்த்தார்கள். அதைக்கொண்டு விலக்கப்பட்ட ஒன்றை நோக்கி ஒருபோதும் நடந்ததில்லை என்பதற்கு இறைவனையே சாட்சியாக்கினார்கள்.

சோதனை அத்துடன் முடியவில்லை. அன்பு மகன் முஹம்மது, கலீபாவின் குதிரை லாயத்தில் கால்நடைகளால் மிதிபட்டு இறந்தார். அச்செய்தியையும் கேட்ட உர்வா (ரஹ்) அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். இழந்ததை அல்ல, எஞ்சியதை! நான்கு உறுப்புகளில் ஒன்று போயிற்று, மூன்று இருக்கின்றன. ஏழு மக்களில் ஒருவர் போனார், அறுவர் இருக்கின்றனர் என்று எண்ணி இறைவனைப் புகழ்ந்தார்கள். கால் வெட்டப்பட்ட அந்த ஓர் இரவு மட்டுமே அவர்களின் இரவு ஓதல் தவறியது. மறு இரவே அதைத் தொடர்ந்தார்கள். பின் மதீனா திரும்பி, கற்பித்துக்கொண்டே வாழ்ந்து, ஹிஜ்ரி 94-ஆம் ஆண்டையொட்டி இறையடி சேர்ந்தார்கள். மார்க்க மேதைகள் பலர் மறைந்ததால் சட்ட அறிஞர்களின் ஆண்டு என்றே அவ்வாண்டு பெயர் பெற்றது.

வாசக நேயர்களே! இன்று நம் இல்லங்களில் நீரிழிவால் பாதம் புண்ணாகிக் காலை இழப்போர் எத்தனை பேர்! நரம்பு மரத்துப்போவதால் புண் வலிப்பதில்லை. நாடி அடைபடுவதால் அது ஆறுவதில்லை. கால் இறைவன் தந்த அமானிதம். அதை நாள்தோறும் பார்த்துப் பேணுவதும், சிறு புண்ணுக்கே மருத்துவரை நாடுவதும் நம் கடமை. உர்வா (ரஹ்) அவர்கள் மறுத்தார்கள் என்பதற்காக மயக்க மருந்தை மறுத்து எவரும் தம்மை வருத்திக்கொள்ள வேண்டாம். அறுவைச் சிகிச்சைக்காக அதை ஏற்பதை மார்க்க அறிஞர்கள் ஆகுமாக்கியுள்ளனர். காலை இழந்தவருக்குத் தொழுகையின் வாயிலும் அடைபடுவதில்லை. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். அமரவும் இயலாதவர் படுத்துத் தொழலாம். அவர்களைக் குறையுள்ளோராகப் பார்க்கும் பார்வையே குறையுடையது.

அடுத்த முறை ருகூஉக்குக் குனியும்போது அந்தப் பின்தொடை இழுபடுவதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். இந்தக் கால் இதுவரை எங்கெல்லாம் நடந்தது என்று உங்கள் உள்ளத்தைக் கேளுங்கள். அது நம்மிடம் இருக்கும்போதே நன்றி செலுத்தவும், நன்மையின்பால் நடக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.