சிறுப்பிட்டி தந்த செம்மல்
இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியிலே, நீர்வேலிக்கும் புத்தூருக்கும் இடையே அமைந்துள்ள தோட்டக் கிராமம் சிறுப்பிட்டி. அக்கிராமத்தின் பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகவே சுமந்துசென்று தமிழுலகம் முழுவதும் அறியச் செய்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். துறவியாக வாழ்ந்து தொண்டு செய்தோர் பலர். இப்பெரியாரோ அரசாங்க உத்தியோகம் பார்த்து, மனைவி மக்களோடு குடும்பம் நடத்தி, இளைப்பாறிய பின்னர் கிடைத்த காலத்தைத் தமிழுக்கென்றே செலவிட்டவர். ஆகவே இல்லறத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வாழ்வு இது.

பிறப்பும் கல்வியும்

வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மைந்தராக 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் திகதி இவர் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவ சமயத்தைச் சார்ந்திருந்தமையால் இவரும் அச்சூழலிலேயே வளர்ந்தார். தமிழ் இலக்கண இலக்கியங்களைச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடமும், ஆங்கிலம், கணிதம் முதலியவற்றை வட்டுக்கோட்டைச் செமினரியிலும் கற்றார். கோப்பாயிலே ஆசிரியராகப் பணியாற்றத் தொடங்கிய இளவயதிலேயே நீதிநெறி விளக்கத்தை அச்சிற் பதிப்பித்தார்.

பின்னர் பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை சென்று, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்துவதில் ஈடுபட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக நடத்திய பி.ஏ. பரீட்சையிலே இருவர் சித்தியடைந்தனர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் வட்டுக்கோட்டையிலே அவருக்கு ஆசிரியராக இருந்த கறல் விசுவநாதபிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்தவர் என்பது ஈழத்தவர்க்குப் பெருமை தருவதாகும்.

உத்தியோகமும் சமயமும்

கள்ளிக்கோட்டை அரசினர் கல்லூரியிற் சிலகாலம் கற்பித்தபின், சென்னை அரசாங்கக் கணக்குப் பகுதியிலே உத்தியோகம் ஏற்றார். படிப்படியாக உயர்ந்து மேலதிகாரியானார். உத்தியோகத்தில் இருந்தவாறே சட்டமும் பயின்று 1871இலே பி.எல். பட்டம் பெற்றார். பகலெல்லாம் கணக்குப் புத்தகங்களைப் பார்த்த கண்கள், ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் ஏடுகளைப் பார்த்தன.

இக்காலத்திலே இவர் தம் முன்னோர் சமயமாகிய சைவத்துக்கு மீண்டு, சைவ மகத்துவம் என்னும் நூலை எழுதினார். ஏழாலையிலே வித்தியாசாலையொன்றை நிறுவி, சைவப்பிள்ளைகள் தம் சமயச் சூழலிலேயே கல்வி கற்க வழிசெய்தார். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் போன்ற பேரறிஞர் அங்கே கற்பித்தனர். 1868இலே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் இவர் வெளியிட்டபோது, அதனைப் பரிசோதித்து உதவியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள்.

இளைப்பாறிய பின் எடுத்த பெரும்பணி

1879இலே நாவலர் பெருமான் சிவபதமடைந்தார். ஏடு தேடிப் பதிப்பிக்கும் பணியில் அவர் விட்ட இடத்தை நிரப்ப வேண்டிய பொறுப்பைத் தாமோதரம்பிள்ளை தம்மேல் ஏற்றுக்கொண்டார். பழந்தமிழ் நூல்கள் பலவும் அந்நாளிலே பனையோலையிலேயே இருந்தன. கட்டை அவிழ்த்தால் ஓரம் உதிரும். ஏட்டைப் புரட்டினால் முறியும். செல்லும் இராமபாணப் பூச்சியும் தின்றவை போக எஞ்சியவற்றிலே, எழுத்துக்குப் புள்ளி இராது. ஒரு பிரதியில் இல்லாத அடி இன்னொன்றில் இருக்கும். இன்னும் ஒரு தலைமுறை தாமதித்திருந்தால் எத்தனை நூல்கள் பெயரளவிலே நின்றிருக்குமோ!

1881இலே வீரசோழியத்தை வெளியிட்ட இவர், அடுத்த ஆண்டிலே, தமது ஐம்பதாவது வயதில், உத்தியோகத்திலிருந்து இளைப்பாறினார். அதன்பின் கும்பகோணத்திலே வழக்கறிஞராக இருந்தார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே நீதிபதியாகவும் கடமையாற்றினார். இவற்றுக்கிடையிலே இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் 1883இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும், இலக்கண விளக்கமும் சூளாமணியும் 1889இலும் வெளிவந்தன. நச்சினார்க்கினியர் உரையுடன் எழுத்ததிகாரம் 1891இலும், சொல்லதிகாரம் 1892இலும் அச்சேறின. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சுவாகனம் ஏறியது இவர் பதிப்பித்த கலித்தொகையே. இளைப்பாறிய பத்தாண்டுகளுக்குள் எட்டு நூல்கள்! பிரதி தேடுவதற்கும் அச்சுக்கூலிக்கும் கைப்பணத்தையும் இவர் செலவிட்டார்.

கும்பகோணத்திலே அப்போது கல்லூரி ஆசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரோடு இவருக்கு நட்பு ஏற்பட்டது. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க இருவருமே விரும்பினர். ஐயரவர்கள் தாமே பதிப்பிப்பதென உறுதிகொண்டு 1887இலே அதனை வெளியிட்டார். அதனால் நட்பு முறிந்துவிடவில்லை. பிள்ளையவர்கள் மறைந்தபோது இரங்கற் செய்யுள் பாடியவர்களுள் ஐயரும் ஒருவர்.

குடும்பத் தலைவர்

இவரது மைந்தருள் ஒருவர் அழகசுந்தரம். தந்தையார் விட்டுவந்த கிறிஸ்தவ சமயத்தை மைந்தர் விரும்பித் தழுவி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி எனப் பெயர் பெற்றார். சைவத்துக்காக நூல் எழுதிய ஒரு தந்தையின் குடும்பத்திலே இது நிகழ்ந்தது. ஆயினும் தந்தையின் தமிழ் மைந்தரை விட்டு நீங்கவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே அவர் தமிழ் விரிவுரையாளராக விளங்கினார். பிலிப்ஸ் என்பவருடன் சேர்ந்து தேவார திருவாசகப் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1921இலே வெளியிட்டார். சமயம் வேறாயினும், முன்னோரின் திருமுறையை உலகுக்கு எடுத்துரைக்கும் பேறு அம்மைந்தருக்கும் வாய்த்தது. பிள்ளைகளுக்குப் பெற்றோர் விட்டுச்செல்லும் முதுசொம் காணியும் வீடும் மட்டுமன்று என்பதற்கு இது சான்றாகும்.

நிறைவு

1895இலே அரசாங்கம் இவருக்கு இராவ்பகதூர் பட்டம் வழங்கிக் கௌரவித்தது. 1901ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதி, தமது 68ஆவது வயதில், சென்னையிலே இவர் இறைவனடி சேர்ந்தார்.

ஈழத்து ஆலயங்களிலே புராணபடனம் நிகழும்போது, ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் சொல்ல, அடியார்கள் அமர்ந்து கேட்கின்றனர். அந்நூல்களின் பொருளை விளங்குவதற்குத் துணைநிற்பவை பழைய இலக்கணங்களும் உரைகளுமே. அவற்றை ஓலையிலிருந்து காகிதத்துக்கு மாற்றித் தந்தவர்களுள் முன்னணியில் நிற்பவர் இந்தச் சிறுப்பிட்டிப் பெரியார்.

உத்தியோகத்துக்கும் குடும்பத்துக்குமே நேரம் போதவில்லை என்று கூறுவோர்க்கும், இளைப்பாறியபின் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று சோர்வோர்க்கும் இவர் வாழ்வு விடை கூறுகின்றது. வீட்டுப் பெட்டகத்திலும் கோயில் அறையிலும் பழைய ஏடோ புத்தகமோ இருப்பின், அதனைக் கறையான் அரிக்கவிடாது பேணுவது அப்பெரியாருக்குச் செய்யும் நன்றிக்கடனாகும். அந்நன்மனம் அடியார் எல்லோருக்கும் வாய்க்க எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.