உதவித்தொகை பாதியில் நின்ற மாணவர்: அம்பேத்கரின் கல்லூரி ஆண்டுகள்

அம்பேத்கரின் பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்களை நம் மேடைகளில் பலரும் வரிசை தவறாமல் சொல்வர். அந்தப் பட்டங்கள் யாருடைய பணத்தில், எத்தகைய அறைகளில், எவ்வளவு பசியோடு பெறப்பட்டன என்பது அதே அளவுக்குப் பேசப்படுவதில்லை. வாடிப்பட்டி, சோழவந்தான் பகுதிக் கிராமங்களிலிருந்து காலைப் பேருந்திலும் ரயிலிலும் மதுரைக் கல்லூரிகளுக்குச் செல்லும் தலித் மாணவர்களுக்கு, அவருடைய வாழ்வின் இந்தப் பகுதியே மிக நெருக்கமானது. நகரத்தில் தங்க இடம், கல்லூரிக் கட்டணம், மூன்று வேளை உணவு ஆகிய மூன்றுமே அவருடைய பதினாறாண்டுக் கல்லூரிப் போராட்டத்தின் மையமாக இருந்தன.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்த பீமராவ், சத்தாராவில் தொடக்கக் கல்வி பெற்றார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனின் படிப்புக்காகக் குடும்பம் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில் ஒற்றை அறையில் குடியேறியது. அதுவே சமையலறை, அதுவே படுக்கையறை, அதுவே படிப்பறை. விறகும் அம்மியும் ஓர் ஆடும்கூட அந்த அறைக்குள்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்க இடமில்லாததால், மகனை முன்னிரவில் உறங்கவைத்துத் தந்தை விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அவர் படுத்துக்கொள்வார். விடியும்வரை விளக்கொளியில் படிப்பு நடக்கும்.

1907இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் பெற்றது 750க்கு 282 மதிப்பெண். இன்றைய அளவுகோலில் இதைத் தகுதிக் குறைவு என்று தள்ளிவிடுவோர் பலர் இருப்பர். ஆனால் தீண்டப்படாத சமூகத்து மாணவர் ஒருவர் அத்தேர்வில் வென்றது, பாராட்டுக் கூட்டம் நடத்தும் அளவுக்கு அன்று அரிய செய்தி. எல்பின்ஸ்டன் கல்லூரியில் இடைநிலைப் படிப்பை முடித்தபோது தந்தையின் கையிருப்பு தீர்ந்துவிட்டது. ஆசிரியர் கிருஷ்ணாஜி கேலுஸ்கர் அவரைப் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அழைத்துச் சென்றார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. பேராசிரியர் முல்லர் நூல்களைக் கடனாகத் தந்தார், உடைகளும் கொடுத்தார். அதே கல்லூரி வளாகத்தில் உணவகம் நடத்தியவரோ அவருக்குத் தேநீரும் தண்ணீரும் தர மறுத்தார்.

அந்தக் காலத்தில் தமிழகத்திலும் நிலைமை வேறாக இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு கோயம்புத்தூரில் படித்த இரட்டைமலை சீனிவாசன், தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் உடன் பயின்றவர்களோடு கலந்து பழகாமல் ஒதுங்கியிருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் பதிவு செய்துள்ளார்.

1913 பிப்ரவரியில் தந்தை இறந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் பரோடா அரசுடன் அம்பேத்கர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்காவில் மூன்றாண்டுகள் படிக்க மாதம் 11.5 பவுண்டு அவருக்குக் கிடைக்கும். படித்து முடித்தபின் பத்தாண்டுகள் பரோடாவில் பணியாற்ற வேண்டும். ஜூலையில் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலில் ஹார்ட்லி விடுதியில் தங்கினார். அங்குள்ள உணவு ஒத்துக்கொள்ளாமல் இடம் மாறி, பின்னர் லிவிங்ஸ்டன் விடுதியில் நவல் பதேனா என்ற பார்சி மாணவருடன் தங்கினார். அந்த நட்பு பின்னாளில் அவருடைய படிப்பையே காப்பாற்றியது.

கொலம்பியாவில் பட்டத்துக்குத் தேவையான பாடங்களோடு அவர் நிற்கவில்லை. பொருளியலில் மட்டும் 29 பாடங்களில் சேர்ந்தார். வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானிடவியல் வகுப்புகளிலும் அமர்ந்தார். 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் ஆய்வரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிய கட்டுரையை வாசித்தார். அகமணமுறையே சாதியின் அடிப்படை என்று அந்த 25 வயது மாணவர் நிறுவ முயன்றார். கிடைத்த தொகையில் ஒரு பகுதியை ஊரிலிருந்த மனைவி ரமாபாய்க்கு அனுப்பினார். உணவில் மிச்சம் பிடித்ததைக் கொண்டு பழைய புத்தகக் கடைகளில் சுமார் இரண்டாயிரம் நூல்களை வாங்கிச் சேர்த்தார்.

1916 அக்டோபரில் லண்டன் பொருளியல் பள்ளியிலும், பாரிஸ்டர் படிப்புக்காகக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். ஓராண்டுகூட ஆகவில்லை, உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது, திரும்பி வருக என்று பரோடாவிலிருந்து கடிதம் வந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டு 1917 ஆகஸ்டில் பம்பாய் வந்தார். நூல்களையும் உடைமைகளையும் ஏற்றிவந்த வேறொரு கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. ஒப்பந்தப்படி பரோடாவுக்குச் சென்றவருக்கு நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தம் அடையாளத்தை மறைத்துத் தங்க நேர்ந்தது. விவரம் தெரிந்ததும் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை அவர் மேசைமீது வீசினர். கொலம்பியாவில் படித்துத் திரும்பியவரால் ஓர் இந்திய நகரத்தில் வாடகைக்கு ஓர் அறை பெற முடியவில்லை.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். மாதச் சம்பளம் 450 ரூபாய். வேலை நிலைத்துவிட்டது என்று அவர் அமையவில்லை. பரேல் குடியிருப்பிலேயே சிக்கனமாக வாழ்ந்து பணம் சேர்த்தார். அந்தச் சேமிப்போடு, கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவியும் நவல் பதேனா கடனாகத் தந்த 5,000 ரூபாயும் சேர்ந்தன. 1920 ஜூலையில் மீண்டும் லண்டன் புறப்பட்டார். இம்முறை மன்னரின் ஒப்பந்தம் ஏதுமில்லை. பணத்துக்குத் தாமே பொறுப்பு.

லண்டனில் காலையில் ஒரு துண்டு மீனும் ரொட்டியும் தேநீரும் உண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்துக்குச் செல்வார். மதிய உணவைத் தவிர்த்து மாலை மூடும்வரை படிப்பார். இரவு பசி பொறுக்க முடியாதபோது, நண்பர் ஒருவர் கொடுத்த அப்பளங்களைத் தகரத் தட்டில் சுட்டுத் தின்பார். பம்பாயில் ரமாபாய் மிகுந்த வறுமையில் குடும்பம் நடத்தினார். அவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். அம்பேத்கரின் பட்டங்களைப் பேசும்போது, அவற்றுக்கான விலையில் பெரும்பங்கைக் கொடுத்த இந்தப் பெண்ணையும் சேர்த்தே பேச வேண்டும்.

1921இல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். இந்திய ரூபாயின் சிக்கல் குறித்த முனைவர் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொன்னபோது கையில் பணமில்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டின் இறுதியில் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது.

இதன்பின் அவர் செய்ததுதான் இக்கட்டுரைக்கு முக்கியம். தாம் எந்தெந்த இடத்தில் தடுக்கி விழ நேர்ந்ததோ, அந்தந்த இடத்தில் அடுத்த தலைமுறைக்கு ஒரு நிறுவனத்தை எழுப்பினார். தங்க இடமில்லாமல் தவித்தவர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா, 1925 ஜனவரியில் சோலாப்பூரில் மாணவர் விடுதியைத் திறந்தது. மன்னரின் கருணையை நம்பிப் படித்தவர், வைசிராய் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்தபோது பட்டியல் சாதி மாணவர்களுக்கு அரசே உதவித்தொகை வழங்க வேண்டும் என்று போராடி நிதி பெற்றார். 1944இல் தொடங்கிய அத்திட்டமே மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகையாக இன்றும் தொடர்கிறது. 1946இல் அவர் பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரி, வேலைக்குச் செல்லும் மாணவர்களுக்காகக் காலையிலேயே வகுப்புகளை நடத்தியது. உழைத்துக்கொண்டே படிப்பவரை விதிவிலக்காகக் கருதாமல், அவரை முன்வைத்தே கால அட்டவணையை அமைத்த கல்லூரி அது.

அந்த உதவித்தொகைத் திட்டமும் அண்மையில் சரிவைக் கண்டது. 2017 முதல் 2020 வரை ஒன்றிய அரசின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாயாகச் சுருங்கியது. சுமை மாநிலங்கள்மீது விழுந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2020 டிசம்பரில் ஒன்றிய அரசும் மாநிலங்களும் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர முடிவானது. ஐந்தாண்டுகளுக்கு 59,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டினால் உதவித்தொகை இல்லை என்ற வரம்பு இன்றும் இருக்கிறது.

தொகை அறிவிக்கப்படுவதும் உரிய மாதத்தில் மாணவரின் கணக்கில் சேர்வதும் வேறு வேறு. பருவக் கட்டணம் கட்ட வேண்டிய நாளில் பணம் வராவிட்டால், மதுரையில் மாலைநேரத் துணிக்கடை வேலையும் உணவு விநியோக வேலையும் மாணவரின் படிப்பு நேரத்தை விழுங்கிவிடும். லண்டனிலிருந்து பாதிப் படிப்பில் திரும்ப நேர்ந்த அம்பேத்கருக்கு நவல் பதேனா என்ற நண்பர் இருந்தார். எல்லா மாணவருக்கும் அப்படியொரு நண்பர் அமைவார் என்று நம்பி ஒரு சமூகம் இருக்க முடியாது என்பதாலேயே அவர் அரசின் உதவித்தொகையை உரிமையாக்கினார். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் போதிய இடம், விலைவாசிக்கேற்ற உணவுப்படி, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே உதவித்தொகை ஆகிய கோரிக்கைகளை எழுப்பும் மாணவர் அமைப்புகள், அவர் 1940களில் விட்டுச்சென்ற பணியையே தொடர்கின்றன.