மணலின் போக்கை அறிந்த ஆர்தர் காட்டன்

நீங்கள் காவிரி டெல்டா விவசாயி என்றால் முக்கொம்பு மேலணையும் அணைக்கரை கீழணையும் உங்களுக்குப் புதியவை அல்ல. சென்னையில் வசிப்பவர் என்றாலும் இவற்றோடு உங்களுக்குத் தொடர்பு உண்டு. கீழணையில் தேங்கும் நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போய், அங்கிருந்து குழாயில் சென்னைக்குக் குடிநீராக வருகிறது. இந்த இரண்டு அணைகளும் 1836-ல் கட்டப்பட்டவை. கட்டியவர் ஆர்தர் காட்டன்.

இங்கிலாந்தில் 1803-ல் பிறந்த காட்டன், ராணுவப் பொறியாளராக 1821-ல் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 18. சில ஆண்டுகளில் காவிரியை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. தஞ்சைப் பகுதி அப்போது பெரும் சிக்கலில் இருந்தது. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் அதிகம். அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடியது. காவிரியிலோ ஆண்டுதோறும் மணல் படிந்து மேடு ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளக் காலத்தில் கூட வாய்க்கால்களுக்குப் போதிய நீர் ஏறவில்லை. கடைமடை வயல்கள் தரிசாகின.

காட்டன் முதலில் கவனித்தது மணலைத்தான். கல்லணையில் தேங்கும் மணல் வெளியேற வழியில்லை என்பதைக் கண்டு, 1830 வாக்கில் அதில் மணற்போக்கி மதகுகள் அமைக்கப்பட்டன. ஆனால் நோயின் வேர் முக்கொம்பில் இருந்தது. அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி, காவிரிக்குள் நீரைத் திருப்பினார். கொள்ளிடத்தில் குறையும் நீரை நம்பியிருந்த கீழ்ப்பகுதி வயல்களுக்காகக் கீழணையைக் கட்டினார்.

மேலணை கட்டிய சில ஆண்டுகளிலேயே எதிர்மாறான சிக்கல் தலைதூக்கியது. காவிரிக்குள் அளவுக்கு மேல் தண்ணீர் பாய்ந்து, அதன் முகப்பு அகன்று ஆழமாகத் தொடங்கியது. தஞ்சைக்கு வெள்ள ஆபத்து வந்தது. உடனே 1840-களில் மேலணையின் ஒரு பகுதி உயரம் குறைக்கப்பட்டது. காவிரியின் முகப்பிலும் படுகை அரிக்காமல் இருக்கத் தடுப்புச் சுவர் எழுப்பப்பட்டது. ஆற்றில் ஓர் இடத்தில் கை வைத்தால் இன்னோர் இடத்தில் அதன் விளைவு தெரியும். அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைக் காவிரி நமக்குக் காட்டிய இடம் இது.

கல்லணையிடமிருந்து காட்டன் ஒரு பாடத்தையும் கற்றுக்கொண்டார். அடியில் பாறை இல்லாத வெறும் மணலில் அணை நிற்குமா? பெரிய கற்களைப் போட்டால் அவை மணலுக்குள் இறங்கும். மேலும் மேலும் கற்களைப் போட்டு, இறங்குவது நின்ற பிறகு அதன்மேல் கட்டினால் நிற்கும். நம் முன்னோர் கல்லணையில் செய்தது இதுதான் என்பதை அவர் வெளிப்படையாகவே பாராட்டினார்.

அந்த அறிவைக் கோதாவரிக்குக் கொண்டுபோனார். 1833-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆந்திரக் கடலோரம் கடும் பஞ்சத்தில் பெரும் உயிர்ச்சேதத்தைக் கண்டிருந்தது. பக்கத்திலேயே கோதாவரியின் நீர் வீணாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தவளேஸ்வரத்தில் நான்கு கிளைகளாக ஓடும் ஆற்றின் குறுக்கே 1847-ல் வேலை தொடங்கி, 1852-ல் முடிந்தது. இடையில் உடல்நலம் குன்றியும் அவர் அந்த வேலையைக் கைவிடவில்லை. பஞ்சம் பார்த்த பகுதி பின்னாளில் நெற்களஞ்சியமானது. இன்றும் அங்கே ஊர் ஊராக அவருக்குச் சிலைகள் உண்டு.

1861-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. ரயில் பாதைகளுக்குக் கொட்டும் பணத்தைப் பாசனத்துக்கும் கால்வாய்களுக்கும் செலவிட வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். அதற்காக 1878-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் பதில் சொல்லவும் நேர்ந்தது. 1899-ல், 96 வயதில் மறைந்தார்.

அவர் கட்டியவை பிறகு என்னாயின? தவளேஸ்வரத்தில் பழைய அணைக்கு மாற்றாகப் புதிய கதவணை கட்டும் பணி 1970-ல் தொடங்கியது. அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. முக்கொம்பில் நடந்தது வேறு. 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடத்தில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தபோது மேலணையின் 45 மதகுகளில் 9 இடிந்து விழுந்தன. மணல் மூட்டைகளும் பாறைகளும் கொட்டி அவசரமாக அடைத்தார்கள். அதன் பிறகுதான் புதிய கதவணை கட்டப்பட்டது. மாற்று தயாராகும் முன்பே பழையது உடைந்தால், செலவோடு சாகுபடிக் கவலையும் சேர்ந்துகொள்கிறது.

எனவே, மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே உங்கள் ஊர் மதகை ஒருமுறை போய்ப் பாருங்கள். மதகுக்குக் கீழே தண்ணீர் விழும் தளத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா? கட்டுமானத்தின் இடுக்கில் அரசும் ஆலும் வேர்விட்டிருக்கின்றனவா? ஷட்டர் முழுவதும் ஏறி இறங்குகிறதா? கரையில் நீர்க்கசிவு உண்டா? அருகில் மணல் அள்ளுகிறார்களா? ஏதாவது தென்பட்டால் பொதுப்பணித் துறை, இப்போதைய நீர்வளத் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்ததும் இன்னொரு முறை பாருங்கள். அரிப்பு அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.