திமிரியை விட்டுப் பாரியை எடுத்தார்! காருகுறிச்சி அருணாசலத்தின் கதை

கலியாண வீடு. வாசலில் வாழை மரம் கட்டியாகிவிட்டது. பொழுது இன்னும் புலரவில்லை. அதற்குள் ஒலிபெருக்கியில் நாதசுரம் எழுகிறது.

கூடங்குளத்துக் கடலோரமானாலும் சரி, கோவில்பட்டிக் கரிசல் காடானாலும் சரி, நெல்லைச் சீமையில் அப்படி ஒலிக்கும் இசைத்தட்டுக்கு உரியவர் பல வேளைகளில் ஒருவரே. அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர்தான் காருகுறிச்சி அருணாசலம்.

அந்த நாதம் அவ்வளவு கனிவாக ஒலிப்பதற்கு அவருடைய விரலும் மூச்சும் முதற்காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அது அவர் கையில் இருந்த கருவி. அவருக்கு முந்திய தலைமுறையார் ஊதிய கருவி வேறு!

தாமிரபரணி தந்த பிள்ளை

சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ளது காருகுறிச்சி. மண்பாண்டத்துக்குப் பெயர் போன ஊர். 1921-ம் ஆண்டில் அருணாசலம் அங்கே பிறந்தார். தந்தையார் பெயர் பலவேசம். இளமையிலேயே நாதசுரம் பயின்ற அருணாசலம், பின்னர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராகச் சேர்ந்தார். நாதசுரச் சக்கரவர்த்தி என்று நாடு போற்றிய மேதை அவர். தாமிரபரணிக் கரைப் பிள்ளைக்குக் காவிரிக் கரையின் வித்தை வாய்த்தது.

குருவுக்குப் பக்கத்தில் நின்று இரண்டாம் நாயனம் வாசிப்பதுதான் அந்தக் காலத்துப் பாடசாலை. குரு ஒரு பிடியைப் பிடித்தால், சீடர் அதைத் தாங்க வேண்டும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இவர் நாதம் அறாமல் நிற்க வேண்டும். பல ஆண்டுகள் அருணாசலம் அப்படி வாசித்தார்.

கத்தும் குழல்

பழைய காலத்து நாதசுரத்துக்குத் திமிரி என்று பெயர். குட்டையான குழல். நாலு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதி உச்சத்தில் இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. ஒலிபெருக்கி இல்லாத நாட்கள் அவை. சுவாமி புறப்பாட்டில் நாலு வீதியும் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். தேருக்குப் பின்னால் வரும் கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும். திமிரி அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்தது.

ஆனால், கச்சேரி மண்டபத்துக்குள் வந்தபோது அந்த ஒலி காதைத் துளைத்தது. நின்று, நிதானமாக, ராகத்தை விரித்து வாசிக்க நினைத்த வித்துவானுக்குக் கருவி இடம் கொடுக்கவில்லை. அதிலே சுத்த மத்யமம் சரியாகப் பேசாது என்ற குறை வேறு!

ராஜரத்தினம் பிள்ளை இதற்கு வழி தேடினார். கும்பகோணம் பக்கத்தில் உள்ள நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி என்ற கைதேர்ந்த தச்சர் இருந்தார். ஆச்சா மரத்தைக் கடைந்து நாதசுரம் செய்வது அந்த ஊரின் தொழில். ஆசாரியின் உளியும் பிள்ளையின் காதும் சேர்ந்தன. குழல் நீண்டது. துளைகள் இடம் மாறின. சுருதி இறங்கியது. சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசியது. அந்த நீண்ட குழல்தான் பாரி நாயனம்.

மாற்றம் எளிதா?

ஒருவர் மட்டும் கருவியை மாற்றினால் போதாது. இரண்டாம் நாயனமும் அதே சுருதிக்கு வர வேண்டும். சீவாளியும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். விடாமல் சுருதி கொடுக்கும் ஒத்தும் மாற வேண்டும். ராஜரத்தினம் பிள்ளை ஒத்தையே விலக்கிவிட்டுத் தம்புராவை வைத்துக்கொண்டார்.

வாசிப்பவருக்கும் புதுப் பாடம்தான். நீண்ட குழலில் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும். விரல் அகல வேண்டும். குழலை நிரப்ப மூச்சும் கூடுதலாக வேண்டும். இத்தனைக்கும் பிறகு, தெருவில் இந்த நாதம் எடுபடுமா என்ற கேள்வி இருந்தது.

அந்தக் கேள்விக்கு விடை கொடுத்தது ஒலிபெருக்கி. கடைசி ஆளுக்குக் கேட்கச் செய்யும் வேலையை அது ஏற்றுக்கொண்டது. வித்துவான் உரக்க ஊத வேண்டிய கட்டாயம் குறைந்தது. மெல்லிய கமகத்தையும் ஊர் கேட்டது.

இந்த வாய்ப்பை முழுதும் பயன்படுத்திக்கொண்டவர் அருணாசலம். ஓங்கி ஒலிக்கும் மங்கல வாத்தியத்தை அவர் பாட வைத்தார். வானொலியும் இசைத்தட்டும் அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. 1956-ல் குரு மறைந்த பிறகு, முன்னணி வித்துவான்களில் ஒருவராக விளங்கினார்.

குரலும் குழலும்

1962-ல் வெளிவந்த படம் 'கொஞ்சும் சலங்கை'. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. அதில் ஆபேரி ராகத்தில் எஸ். ஜானகி பாட, அருணாசலம் வாசித்தார். வெளியே ஊரைத் திரட்டும் வாத்தியம், உள்ளே ஒரு பெண் குரலோடு கைகோத்து நடந்தது. குரலைக் குழல் விழுங்கவில்லை. நாதசுரக் கச்சேரிக்கே போகாதவர்களும் அந்தப் பாட்டால் காருகுறிச்சியின் பெயரை அறிந்தார்கள்.

புகழ் உச்சியில் இருந்தபோதே காலன் வந்துவிட்டான். 1964 ஏப்ரலில், நாற்பத்து மூன்றாம் வயதில் அருணாசலம் காலமானார். அவர் வாழ்ந்த கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

இன்றைய நிலை

பாரிதான் இன்று எங்கும் வழங்குகிறது. நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒத்து இருந்த இடத்தில் கையடக்கமான மின்னணுச் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. ஒத்து ஊதிய ஓர் ஆளின் பிழைப்பு அதோடு போயிற்று.

ஒலிபெருக்கி செய்ததும் இரண்டு வேலை. பாரியின் மென்மையான நாதத்தை ஊருக்கு எடுத்துச் சொன்னது அது. இசைத்தட்டைப் போட்டால் போதும், மேளக்காரர் எதற்கு என்று கலியாண வீட்டார் எண்ணுவதற்கும் அதுவே வழி செய்தது. அப்படி ஒலிப்பது பல நேரம் அருணாசலத்தின் இசைத்தட்டு என்பதுதான் விந்தை! பக்கத்து ஊரில் ஓர் இளைஞன் அதே பாரியை உறையில் போட்டுவைத்து, அழைப்புக்காகக் காத்திருக்கிறான்.

குரு கருவியை மாற்றினார். சீடர் அதிலே உயிரை ஊதினார். இரண்டு பேருக்கும் எதிரே ஊர் உட்கார்ந்திருந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு அந்த இளைஞனை அழைத்து எதிரே உட்கார்ந்து கேட்டால், அதுவே காருகுறிச்சியாருக்குச் செய்யும் மரியாதை.