பேப்பருக்காக பிறந்த ஏசி... யார் இந்த வில்லிஸ் கேரியர்?

ராத்திரி புழுக்கம் தாங்காமல் ஏசி ரிமோட்டைத் தேடுகிறோம். ஆனால் நவீன ஏசியின் தொடக்கம் மனிதர்களின் வியர்வை அல்ல. ஒரு அச்சகத்தின் பேப்பர் கட்டு! அதை டிசைன் செய்த வில்லிஸ் கேரியருக்கு அப்போது வயது 25.

1876 நவம்பர் 26ஆம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள அங்கோலாவில் பிறந்தவர் கேரியர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, 1901இல் பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் சேர்ந்தார். சம்பளம் வாரத்துக்கு 10 டாலர். அங்கே அவருக்குக் கொடுத்தது சூடாக்கும் வேலை! மரக்கட்டை, காபிக்கொட்டை காய எவ்வளவு வெப்பக்காற்று வேண்டும் என்று கணக்குப் போட்டு வரைந்து கொடுக்க வேண்டும்.

1902இல் புரூக்ளினில் இருந்த சாக்கெட் வில்ஹெம்ஸ் அச்சகத்தின் பிரச்னை அவரிடம் வந்தது. கலர் அச்சில் ஒரே தாளில் ஒவ்வொரு நிறமாக அடிப்பார்கள். காற்றில் ஈரப்பதம் கூடினால் தாள் லேசாக விரியும். அடுத்த நிறம் இடம் மாறி விழும். அவ்வளவுதான், அந்தத் தாள் வேஸ்ட்.

ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் நீர் கோர்த்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கேரியர் பிடித்துக்கொண்டது அதே இயற்பியலைத்தான். குளிர்ந்த நீர் ஓடும் குழாய்கள் மீது காற்றைச் செலுத்தினால், அதிலுள்ள ஈரம் நீராகப் பிரிந்துவிடும். ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்த வேண்டும் என்பது இலக்கு. அந்த வரைபடத்தின் தேதி 1902 ஜூலை 17. 1906இல் காற்றைப் பதப்படுத்தும் கருவிக்கு காப்புரிமையும் வாங்கினார். 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயர் மட்டும் அவருடையது இல்லை. அதை வைத்தவர் ஸ்டூவர்ட் கிராமர் என்ற ஜவுளி ஆலைப் பொறியாளர்.

முதல் உலகப்போர் தொடங்கியதும் சிக்கல் வந்தது. இனி உற்பத்தி மட்டும் போதும் என்று நிறுவனம் முடிவெடுத்தது. கேரியர் சும்மா இருக்கவில்லை. 1915இல், 38 வயதில், 6 பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டு சொந்த நிறுவனம் தொடங்கினார்.

அதுவரை ஏசி பெரும்பாலும் ஆலைகளுக்குத்தான். குளிரூட்டப் பயன்பட்ட அம்மோனியா நச்சுத்தன்மை கொண்டது. கசிந்தால் கூட்டம் நிறைந்த இடத்தில் என்ன ஆகும்? 1922இல் பாதுகாப்பான குளிர்பொருளில் ஓடும் மையவிலக்கு இயந்திரத்தை கேரியர் அறிமுகப்படுத்தினார். 1925இல் அது நியூயார்க்கின் ரிவோலி தியேட்டருக்குப் போனது.

கோடை வந்தாலே தியேட்டர்கள் காற்று வாங்கிய காலம் அது. பாரமவுண்ட் அதிபர் அடால்ஃப் ஜூகரே நேரில் வந்து உட்கார்ந்திருந்தார். அன்று பார்த்து இயந்திரம் ஓடத் தாமதமாகிவிட்டது! ஹால் முழுக்க கை விசிறிகள் ஆடின. கேரியர் குழுவுக்கு எப்படி இருந்திருக்கும்? பிறகு குளிர் மெல்லப் பரவ, விசிறிகள் ஒவ்வொன்றாக மடிக்குப் போயின.

வீடுகளில் ஏசி பரவலாகும் முன்பே, 1950 அக்டோபர் 7ஆம் தேதி, 73 வயதில் கேரியர் காலமானார்.