மின்துடிப்பின் அளவைக் கண்ட மேதை நிக்கோலா டெஸ்லா

முன்னாளில் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரமே லயங்களில் விளக்கெரிந்தது. இன்றோ விசையைத் தட்டியவுடன் மின்விசிறி சுழல்கிறது. அத்தகைய மோட்டாருக்கு வழிகண்ட அறிஞர்களுள் தலையாயவர் நிக்கோலா டெஸ்லா. அவர்தம் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1856 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10 ஆம் நாள், இன்றைய குரோவேசியா நாட்டிலுள்ள ஒரு சிற்றூரில், செர்பியக் குடும்பத்தில் டெஸ்லா பிறந்தார். தந்தையார் சமயகுரு. தாயார் பள்ளி சென்று கல்லாதவர். ஆயினும் வீட்டு வேலைக்குரிய கருவிகளைத் தம் கையாலேயே செய்துகொள்ளும் நுண்ணறிவினர். மகனின் ஆக்கத்திறனுக்கு அவ்வன்னையே ஊற்றானார்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பயிலுங்கால், வகுப்பில் ஓடிய மோட்டார் ஒன்று தீப்பொறி சிந்துவதை அவர் கண்டார். பொறி சிந்தும் உறுப்பே இல்லாத மோட்டார் வேண்டுமென எண்ணினார். நடவாத செயல் எனப் பேராசிரியர் மறுத்தார். டெஸ்லா தளரவில்லை. 1882 இல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் உலவுகையில், மாறுதிசை மின்சாரத்தால் காந்தப்புலத்தையே சுழலச் செய்யலாம் என்னும் உண்மை அவர்தம் உள்ளத்தில் ஒளிர்ந்தது.

1884 இல் வெறுங்கையராய் நியூயார்க் சேர்ந்தார். எடிசனின் நிறுவனத்தில் சில திங்கள் பணியாற்றி விலகினார். பின்னர் வறுமையுற்று, மண்வெட்டி பிடித்துப் பள்ளம் தோண்டி நாட்கூலி பெற்றார். உழைப்பின் அருமையறிந்த நம் தோட்டத்து மக்களுக்கு இந்நிலையை விளக்கவும் வேண்டுமோ?

1888 இல் அவர்தம் மோட்டாருக்குக் காப்புரிமை கிடைத்தது. பிட்ஸ்பர்க் நகரத் தொழிலதிபர் வெஸ்டிங்ஹவுஸ் அதனை விலைக்கு வாங்கினார். அங்கேதான் சிக்கல் எழுந்தது. மாறுதிசை மின்சாரம் ஒரு நொடியில் பலமுறை முன்னும் பின்னும் துடிப்பது. அத்துடிப்பின் எண்ணிக்கையே அதிர்வெண். அந்நிறுவனத்தின் மின்சாரம் நொடிக்கு 133 முறை துடித்தது. விளக்குகளுக்கு அது பொருந்தியது; டெஸ்லாவின் மோட்டாருக்கோ பொருந்தவில்லை. மோட்டாரை மின்சாரத்திற்கேற்ப மாற்றப் பொறியாளர் பெரிதும் முயன்றும் பயனில்லை. துடிப்பையே குறைத்தல் வேண்டும் என்றார் டெஸ்லா. பின்னர் அந்நிறுவனத்தார் 60 என்னும் அளவை ஏற்றனர். 1893 இல் சிகாகோ உலகக் கண்காட்சி மாறுதிசை மின்சாரத்தால் ஒளிர்ந்தது. 1896 இல் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகரை எட்டியது. 1902 இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மாறுதிசை மின்சாரம், தமிழர் பலர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றது.

அமெரிக்கா 60 என வகுக்க, ஐரோப்பாவில் 50 பரவியது. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலும் 50 தான். ஜப்பானிலோ கிழக்கே 50, மேற்கே 60. 2011 இல் நிலநடுக்கத்தால் கிழக்கில் மின்நிலையங்கள் நின்றபோது, மேற்கிலிருந்து வேண்டிய அளவு மின்சாரம் அனுப்ப இயலவில்லை. துடிப்பை மாற்றும் நிலையங்கள் சிலவே இருந்தமையால் மக்கள் இன்னலுற்றனர்.

பெற்றோர்களும் இதனை மனத்திற்கொள்க. அமெரிக்கா, தைவான் முதலிய நாடுகளிலிருந்து உறவினர் கொணரும் பொருள்களில் ஒட்டப்பட்டுள்ள தகட்டை முதலில் படியுங்கள். 50/60 என்றிருப்பின் துடிப்பைப் பற்றிய கவலையில்லை. வோல்ட் அளவை மட்டும் பாருங்கள். 60 மட்டும் இருப்பின், அதன் மோட்டார் இங்கே மெதுவாகச் சுழலும். சூடேறிக் கருகவும் கூடும். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமேயன்றித் துடிப்பை மாற்றாது.

மாணவர்களே, ஒரு கணக்கு! மின்துடிப்பை எண்ணி ஓடும் 60 துடிப்புக் கடிகாரத்தை இங்கே இயக்கினால், ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் பின்தங்கும்? பத்து நிமிடம்! அவ்வாறாயின் ஒரு நாளில் எவ்வளவு என நீங்களே கணக்கிடுங்கள்.

1943 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7 ஆம் நாள், நியூயார்க் விடுதி அறையொன்றில் டெஸ்லா தனியராய் மறைந்தார். அப்போது அவரிடம் செல்வம் இல்லை. ஆயினும் காந்தப்புலச் செறிவை அளக்கும் அலகுக்கு 1960 இல் அவர் பெயரே சூட்டப்பெற்றது. நடவாது எனப் பிறர் கூறியதை ஆராய்ந்து நடத்திக் காட்டிய அப்பெரியாரின் வழிநின்று, நாமும் எதனையும் ஏன், எவ்வாறு என வினவிக் கற்போமாக!