கிளாரா ராக்மோர்

கிளாரா ராக்மோர் (மார்ச் 9, 1911 – மே 10, 1998) தெரமின் என்னும் மின்னணு இசைக்கருவியை வாசிப்பதில் ஈடிணையற்றவராகக் கருதப்படும் இசைக்கலைஞர் ஆவார். வில்னியசில் பிறந்த இவர், வாழ்நாளின் பெரும்பகுதியை நியூயார்க் நகரில் கழித்தார். வயலின் கலைஞராகப் பயிற்சி பெற்ற இவர், கை நோயினால் அக்கருவியைக் கைவிட நேர்ந்தபின் தெரமினுக்கு மாறினார். இவரது முதல் இசைத்தொகுப்பு 1977 ஆம் ஆண்டில், இவருக்கு 66 வயதானபோது வெளிவந்தது.

இளமைக் காலம்

கிளாரா ரைசன்பர்க் என்னும் இயற்பெயர் கொண்ட இவர், அக்காலத்தில் உருசியப் பேரரசின் பகுதியாக இருந்த வில்னியசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். (இந்நகரம் இன்று லித்துவேனியாவின் தலைநகராகும்.) இவரது தமக்கையருள் ஒருவரான நாடியா ரைசன்பர்க் (1904–1983) பின்னாளில் புகழ்பெற்ற பியானோ கலைஞரானார்.

கிளாராவுக்கு எந்தச் சுரத்தையும் கேட்டவுடன் இனங்காணும் ஆற்றல் குழந்தைப் பருவத்திலேயே இருந்தது. நான்கைந்து வயதிலேயே சென் பீட்டர்சுபர்க் இசைக் கல்லூரியில் வயலின் மாணவியாகச் சேர்க்கப்பட்டார். அக்கல்லூரியின் வயலின் மாணவர்களுள் இவரே மிக இளையவர் எனக் கூறப்படுகிறது. அங்கு லியோபோல்ட் ஆவரிடம் பயின்றார்.

உருசியப் புரட்சியை அடுத்து வந்த பஞ்சமும் குழப்பமும் இக்குடும்பத்தை நாட்டை விட்டு வெளியேறச் செய்தன. பயணச் செலவுக்காக உடன்பிறந்தோர் வழியில் கச்சேரிகள் செய்தனர். 1921 டிசம்பரில் குடும்பம் நியூயார்க் வந்து சேர்ந்தது. அங்கு குடியேறியிருந்த ஆவரிடம் கிளாரா மீண்டும் பயிற்சியைத் தொடர்ந்தார்.

ஆயினும், சிறுவயதில் போதிய உணவின்றி வளர்ந்ததன் விளைவாக இவரது எலும்புகள் நலிவுற்றிருந்தன. வில் பிடிக்கும் கையில் ஏற்பட்ட நோய் பதின்ம வயதிலேயே வயலின் வாழ்வை முடிவுக்குக் கொண்டு வந்தது.

தெரமின் கருவி

உருசிய இயற்பியலாளர் லியோன் தெரமின் (1896–1993) 1920 ஆம் ஆண்டளவில் உருவாக்கிய கருவி அவரது பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஒரு பெட்டியும் அதிலிருந்து நீளும் இரண்டு அலைவாங்கிகளும் இதன் வெளித்தோற்றமாகும். செங்குத்தான கம்பி சுருதியையும், பக்கவாட்டில் உள்ள வளையம் ஒலியளவையும் கட்டுப்படுத்துகின்றன.

பெட்டியினுள் இரண்டு அலையியற்றிகள் மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண்களில் இயங்குகின்றன. ஒன்றின் அதிர்வெண் மாறாதது. மற்றொன்றின் அதிர்வெண், வாசிப்பவரின் கை கம்பியை நெருங்கும்போதும் விலகும்போதும் மாறுகிறது. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடே செவிக்கு ஒலியாகக் கேட்கிறது. கை கம்பியை நெருங்கினால் சுருதி உயரும். மற்றொரு கை வளையத்தை நெருங்கினால் ஒலி தணியும்.

வயலினில் விரல் தந்தியைத் தொடும். பியானோவில் கட்டையைத் தொடும். தெரமினில் கைக்குத் தொடுவதற்கு எதுவும் இல்லை. சுரத்தின் இடத்தைச் செவி ஒன்றினாலேயே அறிய வேண்டும். வாசிப்பவரின் உடல் சிறிது அசைந்தாலும் சுருதி பிறழ்ந்துவிடும். மேலும் ஒலி தொடர்ச்சியாக எழுவதால், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் செல்கையில் இடைப்பட்ட ஒலிகள் அனைத்தும் கேட்கும். இக்காரணங்களால் இக்கருவி ஒரு வேடிக்கைப் பொருளாகவே பலராலும் கருதப்பட்டது.

லியோன் தெரமினுடன் நட்பு

லியோன் தெரமின் 1927 இறுதியில் நியூயார்க் வந்தார். அதன்பின் அவரைச் சந்தித்த கிளாரா, கருவியை விரைவில் கைவரப் பெற்றார். தெரமின் இவர்மீது காதல் கொண்டார். இவரது 18 ஆவது பிறந்தநாளில், அருகில் சென்றால் தானே சுழன்று ஒளிரும் கேக் ஒன்றைச் செய்து அளித்தார். தம்மை மணக்குமாறு பலமுறை கேட்டார். எனினும் கிளாரா, வழக்கறிஞர் ராபர்ட் ராக்மோரை 1933 இல் மணந்தார். இருவரின் நட்பு அதன் பின்னரும் நீடித்தது.

கிளாராவின் வேண்டுகோளுக்கு இணங்க, தெரமின் இவருக்கெனத் தனியாக ஒரு கருவியை அமைத்தார். அதன் ஒலி எல்லை மூன்று எண்மங்களிலிருந்து ஐந்தாக விரிந்தது. வாசிப்பவரை அவையோர் காணும்படி பெட்டியின் உயரம் குறைக்கப்பட்டது. ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பகுதி மிக விரைவாக இயங்குமாறு திருத்தப்பட்டது. இதனால் சுரங்களைத் தனித்தனியே பிரித்து வாசிக்க முடிந்தது.

வாசிப்பு முறை

வயலினில் விரல்களுக்குரிய நிலைகள் இருப்பதைப் போலக் காற்றிலும் நிலைகளை வகுத்தது கிளாராவின் முதன்மையான பங்களிப்பாகும். முழுக் கையையும் அசைப்பதற்குப் பதிலாக, மணிக்கட்டை ஓரிடத்தில் நிறுத்தி விரல்களை மடக்கியும் நீட்டியும் அடுத்தடுத்த சுரங்களை எழுப்பினார். இம்முறையால் விரைவான இசைப்பகுதிகளையும் துல்லியமாக வாசிக்க முடிந்தது. பின்வந்த தெரமின் கலைஞர்கள் பலரின் முறைகளுக்கு இதுவே அடிப்படையாயிற்று.

கச்சேரிகள்

1934 அக்டோபரில் நியூயார்க் டவுன் ஹாலில் நடந்த கச்சேரி இவருக்குப் பெரும் புகழைத் தந்தது. 1940களில் பாடகர் பால் ராப்சனுடன் அமெரிக்கா முழுவதும் பயணம் செய்து வாசித்தார். அனிஸ் ஃபுலைஹான் தெரமினுக்காக இயற்றிய இசைக்கோவையை 1945 இல் லியோபோல்ட் ஸ்டகோவ்ஸ்கியின் இயக்கத்தில் முதன்முறையாக வாசித்தார்.

அதே காலத்தில் ஆலிவுட் திரைப்படங்கள் அச்சத்தையும் மர்மத்தையும் உணர்த்த தெரமின் ஒலியைப் பயன்படுத்தத் தொடங்கின. அப்படங்களுக்குப் பெரும்பாலும் சாமுவேல் ஹாஃப்மன் வாசித்தார். அவ்வகைப் பயன்பாட்டைக் கிளாரா விரும்பவில்லை. வயலினுக்கும் செல்லோவுக்கும் உரிய மதிப்பைத் தெரமினுக்கும் பெற்றுத் தருவதே இவரது நோக்கமாக இருந்தது. எனினும் பொதுமக்கள் மனத்தில் திரைப்பட ஒலியே நிலைத்தது.

பிரிவும் சந்திப்பும்

லியோன் தெரமின் 1938 இல் சோவியத் ஒன்றியத்திற்குத் திரும்பினார். அங்கு கைது செய்யப்பட்டு கோலிமா முகாமுக்கும், பின்னர் கைதிகள் பணியாற்றும் ஆய்வுக்கூடத்திற்கும் அனுப்பப்பட்டார். அவர் இறந்துவிட்டதாகவே மேலைநாடுகளில் பலர் எண்ணினர். கிளாரா 1962 இல் மாஸ்கோ சென்றபோது அவரை மீண்டும் சந்தித்தார். அடுத்த சந்திப்பு 1991 இல் நியூயார்க்கில் நிகழ்ந்தது. அப்போது தெரமினுக்கு 95 வயது. ஸ்டீவன் மார்ட்டின் இயக்கி 1993 இல் வெளிவந்த ஆவணப்படத்தில் இச்சந்திப்பு இடம்பெற்றுள்ளது.

முதல் இசைத்தொகுப்பு

மேடையில் புகழ்பெற்றிருந்தும், கிளாராவின் வாசிப்பு நெடுங்காலம் தனி இசைத்தட்டாக வெளிவரவில்லை. மின்னணு இசைக்கருவி வடிவமைப்பாளரான ராபர்ட் மூக் இக்குறையை நீக்கினார். இளமையில் தெரமின் கருவிகளைச் செய்து விற்றே மூக் இத்துறைக்குள் நுழைந்தவர். அவரது முயற்சியால் தெரமின் கலை என்னும் பொருள்படும் பெயரில் இத்தொகுப்பு 1977 இல் டெலோஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது.

நாடியா ரைசன்பர்க் இதில் பியானோ வாசித்துள்ளார். ரச்மானினோவ், சான்-சான்ஸ், சைக்கோவ்ஸ்கி, ராவெல், ஸ்ட்ராவின்ஸ்கி முதலியோரின் படைப்புகள் இதில் உள்ளன. இவற்றுள் பல, குரலுக்கோ வயலினுக்கோ செல்லோவுக்கோ எழுதப்பட்டவை. எதிரொலி, பல தடப் பின்னல் போன்ற உத்திகளை முன்னிறுத்தாமல், ஒரு தெரமினும் ஒரு பியானோவும் மட்டுமே ஒலிப்பது இத்தொகுப்பின் சிறப்பு. நெடுங்காலம் மேடையில் மட்டுமே கேட்க முடிந்த இவரது வாசிப்பு, இதன்மூலம் பிற்காலக் கலைஞர்களுக்குப் பாடமாகக் கிடைத்தது.

மறைவு

கிளாரா ராக்மோர் மே 10, 1998 இல் தமது 87 ஆவது வயதில் நியூயார்க்கில் காலமானார். அதுவரை வெளிவராதிருந்த இவரது பதிவுகள் சில 2006 இல் இரண்டாம் தொகுப்பாக வெளியிடப்பட்டன. 2016 மார்ச் 9 அன்று, இவரது 105 ஆவது பிறந்தநாளை முன்னிட்டு, கூகுள் தேடுபொறி தன் முகப்பில் சிறப்புச் சித்திரம் ஒன்றை வெளியிட்டது.